மதகு மிலிட்டரி

கட்டைப்பைக்குள் கைவிட்டு அந்த அம்மாள் ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைக்கிறார். ரேஷன் கார்டு. எல்.ஐ.சி. ரசீது. மகளின் பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல். மகமாயி படம் போட்ட பழைய காலண்டர் அட்டைக்குள் சொருகிய வீட்டு வரி ரசீதுகள்.

"மிலிட்டரி பேப்பர் மட்டும் எடும்மா" என்கிறாள் மகள்.

"எது மிலிட்டரி பேப்பர்னு எனக்கு இன்னா தெரியும்? சீல் போட்டிருந்தது எல்லாத்தையும் எடுத்துகினு வந்தேன்."

கவரைப்பேட்டை ரயில் நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஜெராக்ஸ் கடை. ஒரு ஜெராக்ஸ் மெஷின், இரண்டு கணினி, லேமினேஷன் பெட்டி, வாசலில் நான்கு பிளாஸ்டிக் நாற்காலி. கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ஆள் எடுக்கும் விளம்பரங்கள் கண்ணாடிக் கதவை முக்கால்வாசி மறைத்திருக்கின்றன. எனக்கு வில்லங்கச் சான்று வேண்டும், சர்வர் வேலை செய்யவில்லை, ஆகவே உட்கார்ந்திருக்கிறேன். ஒட்டுக்கேட்க இதைவிட நியாயமான காரணம் கிடைக்காது.

யாருக்காக இந்தக் காகிதங்களோ அவர் உள்ளே வரவில்லை. வாசல் தூணில் முதுகை ஒட்டிக்கொண்டு, சாலையைப் பார்த்தபடி நிற்கிறார். அறுபது வயது இருக்கும். தொழிற்சாலைக் காவலாளியின் நீலச் சட்டை, மடிப்புக் கலையாமல். "உள்ள வந்து உக்காருங்கண்ணே" என்று கடைக்காரர் இரண்டு முறை சொல்லிவிட்டார். இரண்டு முறையும் அதே "பரவால்ல". உள்ளே உட்கார்ந்தால் வாசலுக்கு முதுகு காட்ட வேண்டியிருக்கும் என்பது எனக்கே கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைக்கிறது.

காகிதங்களைப் பிரிப்பவர் ராணுவத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். மீசைக்கு மட்டும் கறுப்புச் சாயம். பொன்னேரி, மீஞ்சூர் பக்கத்து முன்னாள் படைவீரர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிறார். பணம் வாங்குவதில்லை, டீ வாங்கிக்கொள்கிறார். அவர் விரல் டிஸ்சார்ஜ் புத்தகத்தின் மேல் நகர்கிறது. 1983இல் சேர்ந்தது. ஆபரேஷன் பவன், அதாவது இலங்கைப் பணி, அதற்கெதிரே மாதங்கள். நடத்தை மிக நன்று. 1992இல் மெடிக்கல் போர்டு, வெளியே.

"ஒம்போது வருஷம். பத்துகூட ஆகல. கிராஜுவிட்டியைக் கையில குடுத்து ரயிலேத்தி விட்டுட்டான்."

"அந்தப் பணத்துலதான் மாடு வாங்கினோம்" என்கிறார் அம்மாள்.

ராணுவத்தில் உடல்தகுதியை 'ஷேப்' என்ற ஐந்து எழுத்தில் குறிப்பார்கள். மனம், காது, கைகால், பொது உடல்நலம், கண் என்று ஓரெழுத்துக்கு ஒன்று. அதில் முதல் எழுத்து மனத்துக்கு. இவருக்கு அந்த முதல் எழுத்தில்தான் விழுந்தது. மற்ற நாலும் கல்லுபோல என்கிறார் கிளார்க். இன்றைக்கும் சைக்கிளில்தான் போகிறார், பார்த்தாலே தெரிகிறது.

விதியைப் படித்தால் இந்தக் கடையில் இத்தனை பேர் உட்கார்ந்திருக்கவே வேண்டியதில்லை. 1982ஆம் ஆண்டின் ஓய்வூதிய உரிமை விதிகள் இவருக்குப் பொருந்துபவை. 2008இலும் 2023இலும் வந்த புது விதிகள் பின்னால் வெளியேறியவர்களுக்கு. பழைய விதி என்ன சொல்கிறது என்றால், சேரும்போது எழுதிவைத்த குறை எதுவும் இல்லையென்றால் ஆள் உடலும் மனமும் நலமாக உள்ளே வந்தான் என்றே கொள்ள வேண்டும். பிறகு வந்த நோய் பணியில் வந்ததாகத்தான் பொருள். நிரூபிக்கும் பொறுப்பு வீரனுடையது அல்ல; சந்தேகம் வந்தால் பலன் அவனுக்கு. போதாக்குறைக்கு, மன அழுத்தத்தாலும் உழைப்பாலும் பாதிக்கப்படும் நோய்கள் என்று அரசே ஒரு பட்டியல் இணைத்திருக்கிறது. அதில் முதலில் நிற்பது மனநோயும் நரம்புத் தளர்ச்சியும்தான். 2013இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதையெல்லாம் வரி வரியாக எடுத்துச் சொன்னது. 2025 மே மாதம் ராஜுமோன் என்ற கேரள வீரரின் வழக்கில், காரணம் எழுதாத மெடிக்கல் போர்டின் முடிவை வைத்துக்கொண்டு ஓய்வூதியத்தை மறுக்க முடியாது என்றது. அவருக்கும் மனநோய் என்று சொல்லித்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

ஆக, இவர் எதையும் நிரூபிக்க வேண்டாம். சும்மா போய் நின்றால் போதும், கையில் ஒன்றிரண்டு காகிதத்தோடு. அந்த ஒன்றிரண்டு காகிதத்துக்காகத்தான் கட்டைப்பை.

"மெடிக்கல் போர்டு புரொசீடிங்ஸ் எங்க?"

மகள் ஒரு கடிதத்தை நீட்டுகிறாள். பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர் வைத்து ஆர்.டி.ஐ. போட்டதற்கு ரெக்கார்ட் ஆபீஸிலிருந்து வந்த பதில். ஓய்வூதியம் பெறாதவரின் ஆவணங்களை 25 ஆண்டு வைத்திருப்போம். காலம் முடிந்ததால் விதிப்படி அழிக்கப்பட்டன. 1992உடன் 25ஐக் கூட்டிப் பார்த்துக்கொள்ளலாம். ஓய்வூதியம் கொடுக்காதது ஒரு கை. கொடுக்கவில்லை என்பதைக் காரணம் காட்டிக் காகிதத்தைக் கொளுத்தியது இன்னொரு கை. இரண்டும் ஒரே உடம்பின் கைகள் என்பதை அந்தக் கடிதம் உணர்ந்ததாகத் தெரியவில்லை. நடையோ மிக மரியாதையாக இருந்தது.

கிளார்க் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைக்கிறார். கொஞ்ச நேரம் எதுவும் இல்லை. பிறகு வேறு வழியில்லாமல் மறுபடி பையைக் குடைகிறார். எல்.ஐ.சி. ரசீதுகளுக்கு நடுவில், நாலாக மடித்து, மடிப்பில் கிழிந்து, பின்பக்கம் செல்லோடேப் ஒட்டிய ஒரு தாள்.

"இது எப்போ வந்தது?"

"தெரில. பொண்ணு பொறக்கறதுக்கு முன்ன. போஸ்ட்மேன் கையெழுத்து வாங்கிகினு குடுத்தாரு. இங்கிலீஷு. பென்ஷன் கெடையாதுன்னு போட்டிருக்குதுன்னு இவருதான் சொன்னாரு. கிழிச்சுப் போடப் போனாரு, நான்தான் புடுங்கி வெச்சேன்."

கிளார்க் அதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் படிக்கிறார். அவர் முகத்தில் ஓடியது சந்தோஷம்தான் என்று சத்தியம் செய்வேன். 1993இல் வந்த நிராகரிப்புக் கடிதம். 'நியூரோசிஸ்' என்று நோயின் பெயர் இருக்கிறது. 20 சதவீதம் என்று அளவு இருக்கிறது. பணியால் வந்ததும் அல்ல, பணியால் மோசமானதும் அல்ல, பிறவி அமைப்பிலேயே உள்ளது என்று காரணம் இருக்கிறது. மெடிக்கல் போர்டு என்ன எழுதியதோ அதன் சாரம் மூன்று வரியில்.

"தங்கச்சி, பென்ஷன் இல்லன்னு சொன்ன இந்தக் காயிதம்தான் இப்போ உனக்குப் பென்ஷன் வாங்கித் தரப்போவுது."

பிறவி அமைப்பு என்றால், 1983இல் எடுத்த மருத்துவர் அதை ஏன் பார்க்கவில்லை? நீதிமன்றங்கள் இத்தகைய வழக்குகளில் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இதுதான். அளவு பற்றியும் பயமில்லை. வேலைக்கு லாயக்கில்லை என்று வெளியே அனுப்பிவிட்டாலே 20 சதவீதத்துக்குக் குறையாது என்று 2014இல் சுக்விந்தர் சிங் வழக்கில் சொல்லியாயிற்று. அந்த இருபதையும் ஐம்பதாக உயர்த்திக் கணக்கிடும் முறை இருக்கிறது. கிளார்க் இதையெல்லாம் வாய்ப்பாடுபோல ஒப்பிக்கிறார். தூணருகே நிற்பவர் திரும்பவில்லை. சத்தியவேடு சாலையில் ஒரு டிப்பர் லாரி போய் மறையும்வரை அவர் கண்ணும் கூடவே போகிறது.

அடுத்து அம்மாளின் வாக்குமூலம். இங்கேதான் கடை கொஞ்சம் தடுமாறியது.

ராணுவம் எழுதியதைத் தேடுவது ஒரு வேலை. வீடு பார்த்ததை எழுதுவது வேறு வேலை. கல்யாணம் 1990 ஆவணியில். மாப்பிள்ளை மிலிட்டரி என்றதும் பெண் வீட்டார் வேறொன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் என்ன சொல்லியிருப்பார்? "ராத்திரி தூங்கமாட்டாரு. அதான் கம்பெனியில நைட் ஷிஃப்ட்டே கேட்டு வாங்கிகினாரு. எல்லாரும் பகல் ஷிஃப்ட்டுக்கு அடிச்சிக்கறாங்க, இவரு மட்டும் ராத்திரிதான் வேணும்னாரு. சூப்பர்வைசருக்கு ரொம்ப சந்தோஷம்."

"இத எப்படிம்மா எழுதறது?" என்கிறார் கிளார்க்.

"இன்னும் கேளுங்க. மதகு இருக்குதுல்ல, மதகு. ஊர் ஆம்பளைங்க எல்லாம் சாயங்காலம் அதுமேலதான் உக்காந்து கத பேசுவாங்க. இவரு உக்காரவே மாட்டாரு. சைக்கிள்ல போனாலும் மதகு வந்தா எறங்கிடுவாரு. நின்னு, ரெண்டு பக்கமும் குனிஞ்சு பாத்துட்டு, தள்ளிகினு தாண்டி அப்பறம்தான் ஏறுவாரு. என்னைப் பின்னால வெச்சிகினு போனாலும் அப்படித்தான். மதகு மிலிட்டரின்னு பேரே வெச்சிட்டாங்க. என் பொண்ணு பள்ளிக்கூடத்துல அழுதுகினு வந்திருக்கா."

ஏரிப் பாசனம் உள்ள ஊர் இது. கால்வாய் குறுக்கிடாத சாலை இல்லை. எத்தனை முறை இறங்கி ஏறியிருப்பார்?

ஜஃப்னா பக்கம் மதகுக்கு அடியில்தான் கண்ணிவெடி புதைப்பார்கள் என்று கிளார்க் மெல்லச் சொல்கிறார். சொல்லிவிட்டுத் தூணைப் பார்க்கிறார். 1987 ஜூலை 29இல் கொழும்பில் இந்திய–இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. அமைதி காக்கப் போன இந்தியப் படை அக்டோபரில் போருக்குள் இருந்தது. அக்டோபர் 11 இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரில் இறங்கிய சீக்கிய காலாட்படை வீரர்களில் ஏறக்குறைய எல்லாரும் செத்தார்கள். அக்டோபர் 21, தீபாவளி நாள், அதே இந்தியப் படை யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள் புகுந்து சுட்டதில் மருத்துவர்கள், தாதியர், நோயாளிகள் என்று பலர் மாண்டார்கள். 1990 மார்ச் 24இல் கடைசி அணி கப்பலேறும்போது 1,100க்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் உயிரோடு இல்லை. திரும்பி வந்தவர்களைச் சென்னைத் துறைமுகத்தில் வரவேற்க முதல்வர் கருணாநிதி போகவில்லை. அவருக்குக் காரணம் இருந்தது. தமிழ்நாட்டில் அன்று பலருக்கும் அந்தக் காரணம் சரியாகத்தான் பட்டது. தமிழ் பேசும் சிப்பாய் மட்டும் தமிழ் பேசும் ஊரில் துப்பாக்கி பிடித்துவிட்டு, தமிழ் பேசும் ஊருக்கே திரும்பி வந்து யாரிடமும் எதையும் சொல்ல முடியாதவனாக நின்றான். போரிலிருந்து திரும்பியவனை விடாத இந்த நோய்க்கு 1980லேயே அமெரிக்க மனநல மருத்துவர்கள் கையேட்டில் பெயர் வைத்துவிட்டார்கள், வியட்நாமிலிருந்து திரும்பியவர்களைப் பார்த்து. இங்கே அப்போது 'நியூரோசிஸ்' என்றும், ஊர்ப் பேச்சில், சென்னை மனநல மருத்துவமனை இருக்கும் இடத்தை வைத்து, 'கீழ்ப்பாக்கம்' என்றும் பெயர்.

"கீழ்ப்பாக்கம்னு யாராவது சொல்லிடுவாங்கன்னே டாக்டராண்ட கூட்டிகினு போவல" என்கிறார் அம்மாள். "ரயிலு மோதின அப்பறம்தான் போனோம்."

2024 அக்டோபர் 11. மைசூருவிலிருந்து தர்பங்கா போகும் பாக்மதி எக்ஸ்பிரஸ் இரவு எட்டரை மணிவாக்கில் கவரைப்பேட்டையில் மெயின் லைனை விட்டு லூப் லைனுக்குள் புகுந்து, நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது. பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று. தீ. உயிர்ச்சேதம் இல்லை, பத்தொன்பது பேருக்குக் காயம். ஊரே டார்ச்சோடு ஓடியது. வார ஓய்வில் வீட்டிலிருந்த இவர்தான் முதலில் ஓடியவர்களில் ஒருவர். சாய்ந்த பெட்டிக்குள் இறங்கி ஆளை வெளியே எடுத்திருக்கிறார், கை நடுங்கவில்லை, எந்தப் பக்கம் ஏற வேண்டும், எங்கே கால் வைக்கக் கூடாது என்று பையன்களுக்குச் சத்தம் போட்டுச் சொன்னாராம். விடிகாலை வீட்டுக்கு வந்து குளித்தார். அதன்பிறகு நாலு நாள் பேச்சில்லை. சோறு இல்லை. கட்டிலுக்குக் கீழே படுத்திருந்தார். அப்போதுதான் மகள் கையைப் பிடித்து அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போனாள்.

முதல்முறையாக ஒரு மருத்துவர் அந்தப் பெயரை எழுதினார். பி.டி.எஸ்.டி. புறநோயாளிச் சீட்டில், பச்சை மையில்.

கிளார்க் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். "இத வைக்கலாமா வேணாமான்னு யோசிக்கணும்."

"ஏன் சார்?" என்கிறாள் மகள். "இதுலதானே கரெக்டா எழுதியிருக்காங்க?"

"அதான் பிரச்சினை. தேதியப் பாரு. அக்டோபர் 2024. ரயில் ஆக்ஸிடென்டுல பாத்தது, அதுக்கும் ராணுவத்துக்கும் சம்பந்தமில்லைன்னு எதிர்வக்கீல் ஒரே வரியில முடிச்சிடுவான்."

முப்பத்தேழு ஆண்டு கழித்துக் கிடைத்த ஒரே நேரடிச் சான்று, எதிராளிக்கும் அதுவே சான்று. இந்த இடத்தில் எனக்கு வில்லங்கச் சான்று மறந்துபோயிற்று. கடைக்காரரும் லேமினேஷனை நிறுத்திவிட்டார்.

மகள் விடவில்லை. "மொத்தமாப் படிங்க சார். கீழ."

சீட்டின் கீழ்ப்பகுதியில் மருத்துவர் நோயின் வரலாற்றை எழுதியிருந்தார். திருமணமான நாள் முதல் தூக்கமின்மை, திடுக்கிடல், சாலையோரம் சோதித்தல், 1987–89 இலங்கைப் பணி, மனைவி கூறியது. அந்த அம்மாள் சொன்ன மதகுக் கதை மருத்துவரின் கையெழுத்தில் ஒன்றரை வரியாகி முத்திரையோடு உட்கார்ந்திருக்கிறது. வீட்டில் முப்பது வருஷம் சொன்னால் புலம்பல், ஓ.பி. சீட்டில் ஏறினால் ஆவணம். அமெரிக்காவில் 2010 ஜூலையில் இதைக் கொஞ்சம் சுலபமாக்கினார்கள். எதிரியின் தாக்குதலுக்கு அஞ்சியதுதான் காரணம் என்று வீரர் சொல்வது, அவர் பணிபுரிந்த இடத்தோடும் சூழ்நிலையோடும் பொருந்தி, படைவீரர் நலத் துறையின் மனநல மருத்துவரும் உறுதி செய்தால், சம்பவத்துக்கெனத் தனிச் சான்று கேட்பதில்லை. இங்கே விதி அதைவிடத் தாராளம், நடைமுறைதான் கட்டைப்பை.

"92லயே நியூரோசிஸ்னு அவங்களே எழுதிட்டாங்க. 2024ல எழுதினது அதோட தொடர்ச்சி. உள்ள இருந்தது ரயிலால வெளிய வந்துச்சுன்னு எழுதுங்க. மறைச்சாதான் தப்பாப் போவும்" என்கிறாள் மகள். இன்னொன்றும் சொல்கிறாள். பல்கலைக்கழகச் சண்டையும் அக்டோபர் 11, ரயில் விபத்தும் அக்டோபர் 11. கதையில் எழுதினால் ஆசிரியர் அடித்துவிடக்கூடிய தற்செயல். கிளார்க்கும் அதையே செய்தார். "தேதிப் பொருத்தம்லாம் ஜோசியருக்கு. மனுவுல வேணாம்." சீட்டு மட்டும் இணைப்புகளில் சேர்ந்தது.

கணினியில் தட்டச்சு செய்பவளுக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். இதுவரை அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது அவருடைய வாக்குமூலத்துக்காக அவரைக் கூப்பிடுகிறார்கள். உள்ளே வருகிறார், உட்காரவில்லை, மெஷின் பக்கம் சுவரோரமாக நின்றுகொள்கிறார். எங்கெங்கே பணி என்று கிளார்க் கேட்க, அவர் ஒவ்வொரு ஊராகச் சொல்கிறார். சுன்னாகம். உரும்பிராய். கோண்டாவில். "கொக்கு..." என்று அவர் தொடங்கும்போதே திரையில் கொக்குவில் என்று விழுந்துவிட்டது.

அவர் திரையைப் பார்த்தார். பிறகு அவளை.

"அம்மம்மாட ஊர், ஐயா" என்றாள் அவள். கும்மிடிப்பூண்டி இலங்கை அகதிகள் முகாமில் பிறந்த பெண். முகாமுக்கு இப்போது மறுவாழ்வு முகாம் என்று பெயர். 1990லிருந்து அங்கேதான் இருக்கிறது. "நான் பாத்ததில்ல. ஸ்டேஷனடியில வீடுன்னு சொல்லுவா."

"இருக்காங்களா?"

"இருக்கா. ஹெலி சத்தம் கேட்டா இன்னும் கட்டிலுக்குக் கீழ போயிடுவா."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், சொல்லவில்லை. அவள் அடுத்த வரிக்கு விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். கோபமோ பரிவோ அவள் முகத்தில் தேடினால் கிடைக்காது. பக்கத்துக்கு இருபது ரூபாய் வேலை. யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் அந்த மக்களின் மனக்காயங்களை ஆராய்ந்து புத்தகமே எழுதியிருக்கிறார். அந்த அம்மம்மாவுக்கு நிரப்பிக் கொடுக்க மட்டும் படிவம் எதுவும் எந்த அலுவலகத்திலும் இல்லை.

கிளார்க் பேச்சை மாற்றினார். மனு சென்னையிலுள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் கிளைக்குப் போகும். தாமதத்தை மன்னிக்கக் கேட்டுத் தனி மனு ஒன்றும் வேண்டும். ஓய்வூதியம் மாதாமாதம் தொடரும் தவறு என்பதால் வழக்கு நிற்கும்.

"அப்போ தொண்ணூத்திரெண்டுலேருந்து கணக்குப் போட்டுக் குடுப்பானாண்ணா?"

"இல்ல தங்கச்சி. 2008ல தர்செம் சிங் கேஸ்ல சுப்ரீம் கோர்ட்டு சொல்லிட்டாங்க. கேஸ் போடறதுக்கு முன்ன மூணு வருஷ பாக்கி. அவ்ளோதான்."

"மூணு வருஷமா? எங்க தெரு சீட்டுக்காரனே தேவலாம் போல."

கடைக்காரர் சிரித்துவிட்டார். அவரும், முதல்முறையாக, சுவரோரத்தில் நின்றபடியே.

தட்டச்சுப் பெண் வாக்குமூலத்தைப் படித்துக் காட்டினாள். மதகு வரி வந்தது. 'சிறுபாலங்களைக் கடக்கும் முன் இறங்கி, இரண்டு பக்கமும் குனிந்து சோதிக்கும் பழக்கம் இன்றளவும் உள்ளது.'

"ரெண்டு பக்கமும் இல்ல" என்றார் அவர்.

"இன்னாங்க, நான் பாத்திருக்கேனே?"

"தலைய ரெண்டு பக்கமும் திருப்புவேன். குனிஞ்சு பாக்கறது இடது பக்கம் மட்டும்தான். வலது பக்கம் அவன் பாப்பான்."

அம்மாள் கையிலிருந்த ரசீதை மேசையில் வைத்தார். அவன் யார் என்று அவர் கேட்கவில்லை, கேட்டது கிளார்க். "யாரு? பேரு ஞாபகம் இருக்கா? செத்துட்டானா?"

அவர் பெயர் சொன்னார். பிறகு ஏழிலக்க ஆர்மி நம்பர், திக்காமல், அணிவகுப்பில் சொல்வதுபோல. பிறகு மாதம், இடம், எத்தனை அடி தூரத்தில் நின்றார் என்பது. பெண் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டே வந்தாள். இடத்தின் பெயரை இந்த முறையும் அவள் கேட்கவில்லை.

"இத ஏன்யா முன்னாடியே சொல்லல?" கிளார்க் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "செத்தவனுக்குக் குடும்பப் பென்ஷன் போயிருக்கும். பென்ஷன் போற ஃபைல இந்நேரம் அழிச்சிருக்கமாட்டாங்க. அதுல அந்தச் சம்பவத்தோட விசாரணை இருக்கும். பக்கத்துல யார் இருந்தான்னு உன் பேர் இருக்கும்."

"ஆர்.டி.ஐ. போடட்டுமா சார்?" என்றாள் மகள்.

"குடுக்கமாட்டான். அடுத்தவன் விஷயம்பான். தீர்ப்பாயம் கேட்டா குடுத்துத்தான் ஆகணும்." அவர் தட்டச்சுப் பெண்ணின் பக்கம் திரும்பினார். "எழுதும்மா. இணைப்புக்குக் கீழ, புதுப் பத்தி. மேற்படி எண்ணுள்ள வீரரின் கோப்பை வரவழைக்குமாறு..."